செக்ரோலில் இருந்த பேர்

அப்பாயி இறந்து காரியம் முடிந்த மறுநாள், அவர் படுத்திருந்த பாயையும் தலையணையையும் வெயிலில் போட எடுத்தபோது தலையணை உறைக்குள் ஏதோ சலசலத்தது. தையலைப் பிரித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்குள் நான்கு காகிதங்கள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டுப் போட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கோத்தகிரிக்கு மேலே அந்தச் சிறிய வீட்டில் குடியிருந்தவர், எந்த நேரமும் யாராவது வந்து கேட்கக்கூடும் என்று தலைக்கு அடியிலேயே அவற்றை வைத்திருந்திருக்கிறார்.

முதல் காகிதம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. ஐம்பதுகளில் அவருடைய அப்பாவுக்கு வந்தது, இலங்கைக் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று சொல்வது. இரண்டாவது, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை. மூன்றாவது, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு. நான்காவதைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சம்பளத் துண்டு. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு மாதத்தில் அப்பாயிக்கு எத்தனை பேர், எத்தனை அரைப் பேர், எவ்வளவு பிடித்தம் என்று மை மங்கிய எண்கள். இதை எதற்கு வைத்திருந்தார்?

தோட்டத்தில் வளராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் கூடியதும் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைத் திறப்பார். அன்றைக்கு வேலைக்கு வந்தவருக்கு ஒரு பேர் விழும். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர். "இந்த மாதம் உனக்கு எத்தனை பேர்?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் உழைப்புக்கே அங்கே பேர் என்று பெயர். அப்பாயியின் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர். அப்பாயியின் அப்பா அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பாயியும் அங்கேதான் பிறந்தார், என் அப்பாவும் அங்கேதான். நான்கு தலைமுறையின் பெயரும் அந்தப் புத்தகங்களில் நாள் தவறாமல் எழுதப்பட்டிருக்கிறது. யார் எந்த மலையில் எத்தனை ராத்தல் எடுத்தார் என்பது வரைக்கும் எழுத்தில் இருந்தது.

ஆனால், "உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவன் என்பதற்குச் சான்று கொடு" என்று நாடு கேட்டபோது, அந்தப் புத்தகம் சான்றாகவில்லை.

இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். இந்தியர் என்றோ தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ அது யாரையும் குறிவைத்துப் பேசவில்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகன் ஆவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி. காலி நகரத்து வணிகருக்கும், யாழ்ப்பாணத்து வழக்கறிஞருக்கும், மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் தந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்காது. ஆனால் அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. ஊரே அவருக்குச் சான்று. லயத்தில் பிறந்தவரிடம் மட்டும் கேட்டார்கள். அங்கே பிள்ளை பிறந்தால் தோட்டத்து மருத்துவச்சிக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும். பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்க யாருக்கு அவகாசம் இருந்தது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றோர் ஆனார்கள்.

பல ஆண்டுகளாக இதை எண்ணிப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடம் ஒன்றுண்டு. உரிமைகளைப் பற்றிய ஒரு சட்டம் யாருக்கானது என்று தெரிய வேண்டுமானால் அது கேட்கும் காகிதத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதம் யாரிடம் இல்லையோ, சட்டம் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறது, அவர்கள் பெயரை அது ஓரிடத்திலும் சொல்லாவிட்டாலும். இதை அரசியல் கட்டுரைகளிலிருந்து நான் கற்கவில்லை. சோற்றுப் பசை ஒட்டிய அந்த முதல் காகிதத்திலிருந்து கற்றேன்.

அந்த மக்களை ஏன் விலக்க வேண்டியிருந்தது? 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, நிபந்தனைகளோடு தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கும் வாக்கு கிடைத்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட 95 உறுப்பினர்கள் இருந்த சபையில் ஏழு பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் தொழிலாளர்கள் மற்றத் தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள். முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசுக்கு அது போதுமான காரணமாக இருந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கே வாக்கு என்று ஆக்கினார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. தொகுதிகளைப் பிரிக்கும்போது மக்கள்தொகைக் கணக்கில் இவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மலைநாட்டுக்கு இத்தனை இடங்கள் என்று முடிவாவதற்கு இவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன. அந்த இடங்களுக்கு யார் போவது என்று முடிவு செய்ய இவர்களுக்கு வாக்கில்லை. பக்கத்து ஊர் வாக்காளருடைய வாக்குக்கு இவர்கள் எடை சேர்த்தார்கள்.

சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பே இல்லாத அரசியலமைப்பு அல்ல அது. அன்றைய இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, மற்ற சமூகத்தவருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தவர் மீது மட்டும் விதிக்கும் சட்டம் செல்லாது என்று தெளிவாகவே சொன்னது. அதை நம்பித்தான் கோடாக்கன் பிள்ளை என்பவருடைய வாக்காளர் பதிவு வழக்கு நீதிமன்றம் ஏறியது. முதல் கட்டத்தில் அவருக்குச் சாதகமாகவே முடிவு வந்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில், அன்று இலங்கைக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் சட்டங்கள் செல்லும் என்றது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான உரிமை என்றது. அதோடு நிற்கவில்லை. இந்தியத் தமிழர்களுடைய இடம்பெயரும் வழக்கம் அவர்கள் குடிமக்களாகத் தகுந்தவர்களா என்ற கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது என்றும் சொன்னது.

இடம்பெயரும் வழக்கம்! அப்பாயி பிறந்த காம்பராவும் அவருடைய அப்பா பிறந்த காம்பராவும் ஒரே லயத்தில் நான்கு கதவு தள்ளித்தான் இருந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு தாழ்வாரம். அந்த நான்கு கதவுதான் ஒரு தலைமுறையில் அவர்கள் பெயர்ந்த தூரம். முன்னொரு காலத்தில் அவர்கள் நினைத்தாலும் பெயர முடியாதபடி துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். துண்டு ஒழிந்தது என்று கொண்டாடிய தலைமுறையின் பிள்ளைகளிடம்தான் 1948இல் வேறொரு துண்டு கேட்கப்பட்டது.

இனி அந்த முதல் காகிதத்தின் கதை. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் என்று இரண்டாவது சட்டம் வந்தது. கதவை முழுதும் சாத்தவில்லை, விண்ணப்பித்தால் பெறலாம் என்று உலகுக்குக் காட்டிய சட்டம் இது. மணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டு, மணமாகாதவர் என்றால் பத்தாண்டு, அதற்குப் பிறகு விண்ணப்பிக்கும் நாள் வரை, இடையறாமல் இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். ஒரே பயணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். தொழிற்சங்கம் முதலில் புறக்கணிக்கச் சொன்னது. பிறகு மனத்தை மாற்றிக்கொண்டது. கடைசி மாதங்களில் கூட்டம் கூட்டமாக எழுதிப் போட்டார்கள். 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்.

அப்பாயியின் அப்பா 1947இல் தம் தாய் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுத் துறையூர் போனார். தாய் உடனே சாகவில்லை. படுக்கையில் கிடந்து எட்டு மாதம் கழித்து இறந்தார். பிறகு கருமாதி, பங்காளிகளோடு நிலத் தகராறு, கப்பலுக்குக் காசு சேர்த்தது. பதினான்கு மாதம் ஆயிற்று. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் லயத்திலேயே இருந்தார்கள். அவர் வேலைக்கு வராத நாட்களிலும் மனைவிக்குச் செக்ரோலில் பேர் விழுந்துகொண்டே இருந்தது. விசாரணையில் அதிகாரி கணக்குப் பார்த்தார். பன்னிரண்டுக்கு மேல் இரண்டு மாதம். பெற்ற தாயைப் பார்க்கப் போன பயணத்தில் கூடிப்போன அந்த இரண்டு மாதத்துக்காக ஒரு குடும்பமே நாடற்றதாயிற்று. மனைவியின் வசிப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியாகத்தான் போகும். தேயிலையின் பெரும்பகுதியைப் பறித்த கைகள் பெண்களுடையவை. அந்தக் கைகளின் வழியாக எந்த உரிமையும் பிள்ளைக்கு வராது. தாய் வழியாகவும் குடியுரிமை பெறலாம் என்று இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டது 2003இல்தான்.

இந்தச் சட்டங்கள் வந்தபோது மற்றத் தமிழர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அடுத்த மாதமே அமைச்சரானார், 1949 சட்டத்துக்கு ஆதரவு தந்தார். அதே கட்சியிலிருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இலங்கைத் தமிழ் அரசியல் இரண்டாகப் பிளந்தது மலையகத்தின் பிரஜாவுரிமையை முன்னிட்டுத்தான். ஆனால் அந்த அரசியலின் கதையைச் சொல்கிறவர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நேரு உயிரோடு இருந்தவரை இத்தனை பேரை ஏற்க மறுத்துவந்தார். அவர் மறைந்த ஐந்தாம் மாதம் உடன்பாடு முடிந்துவிட்டது. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஏழு பேர் போனால் நான்கு பேருக்கு இங்கே இடம் என்பது விகிதம். கேட்டவுடன் அப்பாயி விரல் விட்டு எண்ணுவாராம், தம் வீட்டில் அந்த ஏழு யார், நான்கு யார் என்று.

உடன்பாடு வந்த இரண்டாவது மாதம் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இந்தியக் கரையில் இவர்கள் வந்து இறங்கவேண்டிய துறைமுகமே இல்லாமல் போயிற்று. பிறகு ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். 1972இல் ராமானுஜம் கப்பலில் என் தாத்தா, அப்பாயி, பன்னிரண்டு வயது அப்பா, இரண்டு அத்தைகள் வந்து இறங்கினார்கள். ஹட்டனில் கோச்சி ஏறியபோது அப்பாயியின் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடைமேடை முடியும் வரை ஓடிவந்தாராம். "அடுத்த வருடம் நானும் வந்துவிடுவேன், தங்கச்சி" என்று சொன்னாராம். அவரும் இந்தியாவுக்குத்தான் எழுதிப் போட்டிருந்தார். கடவுச்சீட்டும் வந்துவிட்டது. மாமியார் படுக்கையில் கிடந்தார், தோட்டத்திலிருந்து சேமலாபப் பணம் வரவேண்டியிருந்தது. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போய், 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றுவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இலங்கை லயத்தில் அவர் மிச்ச வாழ்நாளைக் கழித்தார். அண்ணனும் தங்கையும் அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

இந்தியா இவர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1968இல் தமிழக அரசு நீலகிரியில் இவர்களுக்காகவே தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயிற்று. தாயகம் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி 1969இல் வந்தது. ஆனால் சமவெளிக்கு அனுப்பப்பட்ட பலருக்குத் தெரிந்த தொழில் தேயிலை ஒன்றுதான். கொடுத்த சிறு கடனைத் தின்று தீர்த்துவிட்டு அவர்கள் மலையைத் தேடி வந்து சேர்ந்தார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்கு ஒரே பெயர், சிலோன்காரர்.

என் அப்பாவுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்து மேலே படிக்கச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஓர் அலுவலகத்தில் பூர்வீக ஊரிலிருந்து சான்று கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா துறையூர்ப் பக்கம் போய்க் கேட்டார். அந்தக் குடும்பம் இங்கிருந்து போய் எண்பது வருடம் ஆகிறது, உங்களை எங்களுக்குத் தெரியாது என்றார்கள். திரும்பி வந்து சொன்னார். அப்படியானால் தர முடியாது என்றார்கள். ஏழு முறை நடந்தார். படிப்பை விட்டுவிட்டு எஸ்டேட் லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். அங்கே, தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். இங்கே, பாட்டன் இந்த மண்ணிலிருந்து போனதற்குச் சான்று கேட்டார்கள். இந்திய அரசியலமைப்பு சமத்துவத்தையும் இட ஒதுக்கீட்டையும் எழுதி வைத்திருக்கிறது, அது என் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. அந்த எழுத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேசையும் ஒரு காகிதமும் நின்றன.

இனி, நான் மனமாரப் பாராட்டும் ஒரு சட்டத்துக்கு வருகிறேன்.

1986, 1988 என்று இலங்கையில் இரண்டு சட்டங்கள் வந்து நாடற்றோரில் பெரும் பகுதியைச் சேர்த்துக்கொண்டன. 1977இல் மறுபடி நாடாளுமன்றம் போன தொண்டமான், அமைச்சராக இருந்துகொண்டு விடாமல் பேரம் பேசியதன் பலன் அது. அதற்குப் பிறகும் ஒரு கூட்டம் மீந்திருந்தது. இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலுக்குக் காத்திருந்து வயதானவர்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2003 அக்டோபர் 7 அன்று இலங்கை நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர், அல்லது அப்படி வசித்தவரின் வழி வந்தவர், குடிமகன் ஆகலாம். அந்தத் தேதியைக் கவனியுங்கள். எந்த நாளில் இவர்களைப் பங்கு போட்டுக் கையெழுத்திட்டார்களோ, அந்த நாளில் நீ இங்கே இருந்தாயா என்று மட்டும் கேட்டது சட்டம்.

இன்னும் முக்கியமானது, அது கேட்ட காகிதம். தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் வேண்டாம், இடையறாத வசிப்புக்குக் கணக்கு வேண்டாம். தானே எழுதிக் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழியும், அதை ஏற்றுச் சான்றளிக்கும் ஒரு கையொப்பமும் போதும். ஐ.நா. அகதிகள் ஆணையமும் அரசும் தொழிற்சங்கமும் சேர்ந்து தோட்டம் தோட்டமாக மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பத்து நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுச் சிக்கலைப் பத்து நாளில் அவிழ்க்க முடிந்திருக்கிறது! 1951லும் இதைச் செய்திருக்கலாம். ஆட்கள் அதே ஆட்கள், லயம் அதே லயம். மெய்ப்பிக்கும் சுமையை அந்த ஏழையின் தலையிலிருந்து இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிறுபான்மையினரின் உரிமைக்காக எந்த நாட்டில் எந்தச் சட்டம் வந்தாலும் நான் முதலில் தேடிப் படிப்பது அந்தப் பகுதியைத்தான்: எதை, யார், யாரிடம் மெய்ப்பிக்க வேண்டும்?

இந்தியாவில் அந்தப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. போர்க்காலத்தில் படகேறி வந்து தமிழக முகாம்களில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் இலங்கைத் தமிழர்களில் மலையக வம்சாவளியினரும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய பாட்டனாருக்கு இந்தியா 1964 உடன்பாட்டின்படி இடம் தருவதாக ஏற்றிருந்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அப்படிப்பட்டவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. மதங்களைப் பட்டியலிட்டு இஸ்லாமியரை விட்ட சட்டம் அது. யாருடைய பெயரையும் சொல்லாமல் விலக்கிய 1948 சட்டத்தால் சிதைந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, வெளிப்படையாகவே விலக்கும் ஒரு சட்டத்தை ஏற்க முடியவில்லை.

2024 டிசம்பரில் முதன்முறையாக ஹட்டனுக்குப் போனேன். அப்பாயியின் அண்ணன் மகன், எனக்கு மாமா முறை, ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். தம் அப்பா ஓடிவந்த நடைமேடை இதுதான் என்று காட்டினார். லயம் இன்னும் இருக்கிறது. தகரக் கூரைமேல் கற்களை வைத்திருக்கிறார்கள். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது 2003இல் வந்த குடியுரிமைச் சான்றிதழ். அப்போது மாமாவுக்கு வயது நாற்பத்தாறு. அதுவரை அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை.

"இது வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா, மாமா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் என்னை வெளியே அழைத்துப்போய்ப் பாதையைக் காட்டினார். முழங்கால் ஆழத்துக்குக் குழி. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டம் என்பது தனியார் நிலம். உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தன் பணத்தில் அங்கே ஒரு பாதை போட முடியாமல், ஒரு விளக்குக் கம்பம் நட முடியாமல் இருந்தது. மாமா வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே மாமாவின் வாசலுக்கு வர வழியில்லாமல் இருந்தது. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்த 2018 வரை ஆயிற்று. குடியுரிமை கிடைத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான், குடிமகனின் தெருவுக்குச் செலவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. பாதை இன்னும் வரவில்லை. வீடும் நிலமும் தோட்டத்துக்கே சொந்தம். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் மாமாவும் கடைசி இரண்டு நாள் நடந்திருக்கிறார். முன்னோர் நடந்து வந்த வழி அது. காலில் வெடிப்பு வந்ததைச் சிறுபிள்ளை போலக் காட்டினார்.

நான் கொண்டுபோயிருந்த பிளாஸ்டிக் பையை இரவில் அவரிடம் கொடுத்தேன். மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு, அந்தச் சம்பளத் துண்டை மட்டும் விளக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். "இந்த மாதம் அத்தைக்கு இருபத்தாறு பேர். ஒரு நாள்கூட நிற்கவில்லை" என்றார். பிறகு தேதியைப் பார்த்தார். "இது அவர்கள் கப்பல் ஏறுவதற்கு முந்தைய மாதம். போவது தெரிந்தும் கடைசி நாள் வரைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்."

மாமாவின் மகள் ஆசிரியை. அந்தக் குடும்பத்தில் அரசுச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் வேறொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தேர்தல் கடமை. இலங்கை வாக்குச்சாவடியில் ஒருவர் உள்ளே வந்ததும் அவருடைய இலக்கத்தையும் பெயரையும் அலுவலர் உரக்க வாசிக்க வேண்டும். கட்சி முகவர்கள் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அன்று அந்த வேலை அவளுடையது. காலை ஏழு மணிக்கே பெண்கள் கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வரிசையில் நின்றார்களாம். வாக்களித்துவிட்டு மலைக்குப் போனால் அரைப் பேராவது விழும் என்று.

"உன் அப்பாயியின் பேரிலேயே ஒரு கிழவி வந்தார், அண்ணா" என்றாள். "நான் வாசித்தேன். அவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இன்னும் சத்தமாக வாசித்தேன்."